தேதி இல்லாத காத்திருப்பு

2026 பொங்கலுக்கு மேலூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்பிய அன்று மாலை, துவரங்குறிச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி 300 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பணம் செலுத்துவதற்காகக் கைபேசியை எடுத்தேன். பேட்டரி 23 விழுக்காடு என்று திரை காட்டியது. க்யூ.ஆர். அட்டைக்கு நேராகக் கேமராவைப் பிடித்த நொடியில் திரை கறுத்துக் கைபேசி அணைந்துபோனது. மறுபடி பொத்தானை அழுத்தியபோது நிறுவனத்தின் பெயர் ஒரு முறை ஒளிர்ந்துவிட்டு மீண்டும் அணைந்தது. சட்டைப்பையில் 140 ரூபாய்தான் இருந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிய பிறகு, என் மனைவி தன் கைப்பையின் உள்ளறையிலிருந்து, எந்த அவசரத்துக்கென்றோ மடித்து வைத்திருந்த 500 ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினாள். வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, "இந்த மாசமாவது புதுசு வாங்கிடுவீங்களா, இல்ல இன்னும் பொறுத்துப் பார்க்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியில் இருந்த குத்தல் நியாயமானது. கைபேசி வாங்குவதை மூன்று ஆண்டுகளாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். கணக்கெழுதிப் பிழைப்பவன் என்பதால், செலவைத் தள்ளிப்போடுவது எனக்கு ஒரு சாமர்த்தியமாகவே தோன்றிப் பழகிவிட்டது. தீபாவளித் தள்ளுபடி வரட்டும் என்பேன்; தீபாவளி வந்தால், புது மாடல் ஜனவரியில் வருகிறதாம், அது வந்தால் பழையதன் விலை இறங்கும் என்பேன்; ஜனவரி வந்தால் பிப்ரவரியில் வரப்போகும் வரவு செலவுத் திட்டத்தைக் காரணம் காட்டுவேன். அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் நிற்பவனைப் பற்றிப் பழமொழி சொல்லி என் அம்மா சிரிப்பதுண்டு. ஆனால் இம்முறை, பொறுத்திருந்ததால் இதுவரை எனக்கும் என்னைச் சுற்றியிருப்பவர்களுக்கும் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதைத் தாளில் எழுதிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எழுதியதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

முதல் பதிவு 2020ஆம் ஆண்டுக்குரியது. அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், கைபேசிகளுக்கான வரியை ஏப்ரல் 1 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்துவதாக அறிவித்தது. நான் அப்போது பார்த்து வைத்திருந்த கைபேசியின் விலை வரியோடு சேர்த்து 14,000 ரூபாய். வரி உயர்ந்தால் அது 14,750 ஆகும் என்பதை அன்றிரவே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தும், விலையேற்றத்துக்கு முன் கையிருப்பைத் தீர்க்கக் கடைக்காரர்கள் மாதக் கடைசியில் எப்படியும் தள்ளுபடி தருவார்கள் என்ற நம்பிக்கையில் பொறுத்திருந்தேன். மாதம் முடிவதற்குள் ஊரடங்கு வந்தது. மே மாதத்தில் தளர்வுகள் வந்து கடைகள் திறந்தபோது, பிள்ளைகளின் இணைய வகுப்புக்காக ஊரே கைபேசி தேடி அலைந்துகொண்டிருந்தது. நான் விரும்பிய மாடல் எந்தக் கடையிலும் இல்லை. ஜூன் மாதத்தில் ஒருவழியாக ஒன்று கிடைத்தது, துல்லியமாக 14,750 ரூபாய்க்கு. பெட்ரோல் பங்கில் அணைந்துபோனது அதே கைபேசிதான்.

இரண்டாவது பதிவு, பொறுக்காமல் வாங்கியவரைப் பற்றியது என்பதால் என் குணத்துக்கு ஆறுதலாக இருந்தது. என் அலுவலக நண்பர் ஒருவர் 2021இல், இனி வரப்போவது 5ஜி காலம் என்று சொல்லி, அந்த வசதி உள்ள கைபேசியைக் கூடுதலாக நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினார். அப்போது இந்தியாவில் 5ஜி அலைக்கற்றை ஏலம்கூட நடந்திருக்கவில்லை. ஏலம் 2022 ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் 1ஆம் தேதி முடிந்தது. சேவை அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கியது. முதல் கட்டத்தில் ஏர்டெல் தேர்ந்தெடுத்த எட்டு நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டுமே இருந்தது. திருச்சிக்கு அலை வந்து சேர்ந்த பிறகும் நண்பரின் கைபேசியில் 4ஜி என்ற எழுத்து மாறவில்லை. ஜியோ நிறுவனம் பழைய 4ஜி கட்டமைப்பைச் சாராத தனித்த 5ஜி முறையைக் கையாள்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏலத்தில் எடுத்த நிறுவனமும் அது ஒன்றுதான். நண்பரின் கைபேசியோ 5ஜி அலைவரிசைகளில் ஒன்றிரண்டை மட்டுமே பிடிக்கக்கூடியது. அதைத் திறந்துவிடுவதற்கான மென்பொருள் அப்டேட்டும் தாமதமாகவே வந்தது. அது வந்து அவர் 5ஜியைப் பயன்படுத்தத் தொடங்கிய சில மாதங்களில் கைபேசியின் திரையில் பச்சைக் கோடு விழுந்துவிட்டது. இல்லாத சேவைக்காக முன்கூட்டியே பணம் கட்டியதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது, என் தங்கையின் கணவர். 2025 ஆகஸ்ட் 15ஆம் தேதி விடுதலை நாள் உரையில் ஜி.எஸ்.டி. குறையப்போவதாகப் பிரதமர் அறிவித்ததும், மாப்பிள்ளை கைபேசி வாங்கக் கையில் எடுத்த பணத்தை மறுபடி வங்கியில் போட்டுவிட்டார். செப்டம்பர் 22 அன்று புதிய வரி நடைமுறைக்கு வந்தபோது ஏ.சி. இயந்திரங்களுக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கும் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. கைபேசிகள் ஏற்கெனவே 18 விழுக்காட்டில்தான் இருந்தன, அங்கேயே தொடர்ந்தன. ஐந்து வாரங்கள் அவர் காத்திருந்தது, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வரிக் குறைப்புக்காக. நானும் அந்த ஐந்து வாரங்களில் அவரிடம் இதைச் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கே அது செப்டம்பர் முதல் வாரத்தில்தான் உறைத்தது.

இந்த மூன்றையும் எழுதி முடித்தபோது, காத்திருப்பதா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்பதே தவறு என்று பட்டது. காத்திருப்பில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில், எந்தத் தேதியில் என்ன நடக்கும், அதனால் எத்தனை ரூபாய் குறையும் என்பது ஓரளவேனும் தெரியும். மற்றொன்றில் தேதியும் தெரியாது, தொகையும் தெரியாது. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை மட்டுமே இருக்கும். முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஐபோன். ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் புதிய மாடலை வெளியிட்டு, முந்தைய ஆண்டின் அடிப்படை மாடலின் விலையைக் குறைக்கும். 2023 செப்டம்பரில் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 15, அடுத்த ஆண்டு ஐபோன் 16 வெளியானவுடன் 69,900 ரூபாய்க்கு இறங்கியது. அதன் அடுத்த ஆண்டு ஐபோன் 16க்கும் அதேதான் நடந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஐபோன் வாங்க நினைப்பவர் ஒரு மாதம் பொறுத்தால் பத்தாயிரம் ரூபாய் மிஞ்சும் என்பதை நாட்காட்டியே சொல்கிறது. அவ்வளவு விலையில் கைபேசி வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் பொறுமைக்கு இத்தனை திட்டவட்டமான கூலி கிடைக்கும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

தேதி தெரிந்து தொகை தெரியாத வகையும் இடையில் உண்டு. 2024 ஜூலை 23ஆம் தேதி வெளியான வரவு செலவுத் திட்டத்தில் கைபேசிகளுக்கான இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கைபேசி விலை சரியப்போகிறது என்று அன்று மாலையே செய்திகள் வந்தன. ஆனால் இந்தியாவில் விற்பனையாகும் கைபேசிகளில் மிகப் பெரும்பாலானவை இங்கேயே பூட்டப்படுகின்றன. நம் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோனே தயாராகிறது. உள்நாட்டில் பூட்டப்படும் பொருளுக்கு, முழுக் கைபேசிக்கான இறக்குமதி வரி குறைந்து என்ன பயன்? ஐபோன் 15இன் விலையில் அப்போது 300 ரூபாய்தான் குறைந்தது. அப்போது இறக்குமதியாகிக்கொண்டிருந்த புரோ மாடல்களில்தான் ஐயாயிரத்துக்கு மேல் குறைந்தது. நான் பார்த்து வைத்திருந்த நடுத்தர விலைக் கைபேசியில் ஒரு ரூபாயும் குறையவில்லை. வரவு செலவுத் திட்டத்துக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதற்குப் பிறகும் ஒரு பிப்ரவரி காத்திருந்தேன்.

பொறுத்தால் மலிவாகும் என்ற எண்ணம் நம் தலைமுறைக்குள் எப்படி இவ்வளவு ஆழமாக இறங்கியது என்றும் யோசித்துப் பார்த்தேன். இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31ஆம் தேதி கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குச் செய்தது. அந்தக் காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினாறு ரூபாய் அளவுக்குச் செலவானது. வரும் அழைப்புக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். அந்த நிலை 2003இல்தான் மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது இணையத்தின் விலையும் தரைக்கு வந்தது. இருபது ஆண்டுகளில், முந்தி வாங்கியவர் ஏமாந்தார், பொறுத்தவர் பிழைத்தார் என்பதையே ஒவ்வொரு கட்டமும் நமக்குக் கற்றுக்கொடுத்தது. என் அப்பா 2004வரை கைபேசி வாங்காமல் இருந்ததை இன்றும் பெருமையாகச் சொல்லுவார். அவருடைய பொறுமை அந்தக் காலத்துக்குச் சரிதான்.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. தில்லை நகரில் எனக்குப் பழக்கமான ஒரு சிறிய கடை இருக்கிறது. அதன் உரிமையாளர், விற்பனைக்காக எதையும் மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். ஜனவரி மூன்றாம் வாரத்தில் அவரைப் பார்க்கப் போனபோது, தீபாவளிக்கு விற்ற விலையில் இன்று எந்த மாடலையும் தன்னால் தர முடியாது என்றும், விலைப்பட்டியல் ஏறிக்கொண்டே வருகிறது என்றும், விலை ஏறாத மாடல்களில் ரேம் எனப்படும் செயல்பாட்டு நினைவகம் குறைந்துவிட்டது என்றும் சொன்னார். காரணம் அவருக்கும் தெரிந்திருந்தது: மெமரி. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் தரவு மையங்கள் அதிவேக நினைவகச் சில்லுகளை மூட்டை மூட்டையாக விழுங்குகின்றன. உலகின் டி-ரேம் என்ற வகை நினைவகச் சில்லுகளில் பெரும்பங்கைச் செய்வது தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். அவர்களுடைய தொழிற்சாலைகளில், தரவு மையங்களுக்கான சில்லுகளுக்கு ஒதுக்கும் இடம் கூடக்கூடக் கைபேசிக்கும் கணினிக்கும் ஒதுக்கும் இடம் சுருங்குகிறது. மைக்ரான் 2025 டிசம்பர் தொடக்கத்தில், கடைகளில் நுகர்வோருக்கு நேரடியாக மெமரி விற்றுவந்த தன்னுடைய க்ரூசியல் என்ற வணிகப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. சில்லுத் தொழிற்சாலை ஒன்றைப் புதிதாகக் கட்டி உற்பத்தியைத் தொடங்க ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே, ஆறு மாதம் பொறுத்தால் தானாக விலை இறங்கிவிடும் என்ற பழைய கணக்கு, குறைந்தது இந்த ஆண்டுக்காவது, என் விலைப் பிரிவுக்கு ஒத்துவராது என்று எனக்குப் பட்டது. விலை உயர்ந்த கைபேசியில் மெமரியின் பங்கு சிறியது. அந்த நிறுவனங்களால் ஏற்றத்தைத் தாங்கிக்கொள்ள முடியும். பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க் கைபேசியில் லாபமே மெலிந்தது என்பதால், ஏற்றம் நேராக நம் தலையில்தான் வந்து விழும்.

இத்தனையையும் வெளியே பார்த்த பிறகுதான், கையில் இருக்கும் கைபேசியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. உண்மையில் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு என்னதான் நோய்?

பேட்டரி முதலாவது. லித்தியம் அயனி பேட்டரி வயதாக ஆகக் கொள்ளளவை இழப்பதோடு, அதன் உள்தடையும் கூடுகிறது. அதனால் கேமரா போன்று சட்டென்று அதிக மின்சாரம் கேட்கும் பகுதி ஒன்று இயங்கத் தொடங்கியதும் மின்னழுத்தம் தடாலென்று விழுந்து, பாதுகாப்புக்காகக் கைபேசி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. 23 விழுக்காடு என்று திரை சொன்னது முழுப் பொய் இல்லை. அந்த மின்சாரம் உள்ளே இருந்தது, வேண்டிய வேகத்தில் வெளியே வர முடியவில்லை. வெயிலில் வண்டியின் கைப்பிடியில் கைபேசியை மாட்டி வைத்து வழி பார்த்துக்கொண்டு போன ஒவ்வொரு மே மாதமும் இதற்குப் பங்களித்திருக்கும். பேட்டரியை மாற்றினால் போதுமே என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பாகமும் கூலியும் சேர்த்து 1,450 ரூபாய் ஆகும் என்றவர்கள், இந்த மாடலுக்கான பேட்டரி இப்போது கையிருப்பில் இல்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது என்றார்கள். வெளியில் கிடைக்கும் பெயர் தெரியாத பேட்டரியைச் சட்டைப்பையில் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு திரிய எனக்குத் துணிவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கும்படி செய்ய வேண்டும். 800 முறை மின்னேற்றிய பிறகும் பேட்டரியில் எண்பது விழுக்காட்டுக் கொள்ளளவாவது மிஞ்ச வேண்டும். நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையதளம் நடத்துகிறது. அதைத் திறந்து பார்த்தேன். முகவரிகளும் தொலைபேசி எண்களும் கிடைத்தன, பேட்டரி கிடைக்கவில்லை.

சேமிப்பிடம் நிரம்பி வழிந்தது ஒரு பெரிய நோய் இல்லை. உறவினர் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களையும், ஒரே திருமணத்தின் நானூறு புகைப்படங்களையும் நீக்கியதும் 11 ஜி.பி. காலியானது. வேகக் குறைவும் ஓரளவு அதனாலேயே சரியானது.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. செட்டிங்ஸ் பகுதியில் கைபேசியைப் பற்றிய விவரங்களுக்குள் போனால், கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் தேதி தெரியும். என் கைபேசியில் அது 2024 மார்ச் என்று இருந்தது. ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளையும் அவற்றுக்கான அடைப்புகளையும் கூகுள் மாதந்தோறும் வெளிப்படையாக அறிவிக்கிறது. அடைப்பு வந்து சேரும் கைபேசிக்கு அந்த அறிவிப்பு நன்மை. வந்து சேராத கைபேசிக்கு, எந்தச் சுவரில் எந்த இடத்தில் ஓட்டை என்று ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டது போல. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகளாக அந்த நிலையில் இருக்கும் கைபேசியில்தான் என் சம்பளக் கணக்கும், மகளின் கல்லூரிக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பணமும், மூன்று வங்கிச் செயலிகளும் இருந்தன. விலை இறங்குமா என்று நான் வெளியே கவனித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், காத்திருப்பதற்கான கட்டணம் உள்ளே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த அப்டேட் விஷயத்தில் கடைகளில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்று உண்டு. நான்கு ஆண்டு, ஆறு ஆண்டு என்று நிறுவனங்கள் தரும் வாக்குறுதி, பெரும்பாலும் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நாம் வாங்கும் நாளிலிருந்து இல்லை. சாம்சங்கின் கேலக்ஸி எஸ்23, 2023 பிப்ரவரியில் ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வாக்குறுதியோடு வந்தது. 2024 ஜனவரியில் வந்த எஸ்24க்கு ஏழு ஆண்டுகள். ஓர் ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு கைபேசிகளில் ஒன்று 2028இலும் மற்றொன்று 2031இலும் நிற்கும். கூகுள் 2023 அக்டோபரில் தன்னுடைய பிக்சல் 8 கைபேசிக்கு ஏழு ஆண்டு அறிவித்த பிறகுதான் இந்தப் போட்டியே சூடு பிடித்தது. நடுத்தர விலையிலும் அது மெல்ல இறங்கி, 2024 அக்டோபரில் வந்த கேலக்ஸி ஏ16 போன்றவற்றுக்கு ஆறு ஆண்டுகள் கிடைத்தன. ஆனால் அதே விலையில், அதே அலமாரியில், மூன்று அல்லது நான்கு ஆண்டுகளோடு முடிந்துவிடும் கைபேசிகளும் பளபளப்பாக நிற்கின்றன.

ஆகவே, விலையை விடுத்து மாத வாடகையைக் கணக்கிட்டேன். என் பழைய கைபேசி 67 மாதங்கள் ஓடியிருக்கிறது. 14,750 ரூபாயை அதால் வகுத்தால் மாதம் 220 ரூபாய். இப்போது என் முன் இருந்தவை இரண்டு. ஒன்று, 2024 பிப்ரவரியில் நான்கு ஆண்டு பாதுகாப்பு வாக்குறுதியோடு வெளியாகி, இப்போது தள்ளுபடியில் 16,000 ரூபாய்க்குக் கிடைப்பது. மற்றொன்று, 2025 மார்ச்சில் ஆறு ஆண்டு வாக்குறுதியோடு வெளியாகி 22,500 ரூபாய்க்குக் கிடைப்பது. முதலாவதற்கு மீதம் இருப்பது 24 மாதங்கள். மாதம் 667 ரூபாய். இரண்டாவதற்கு 61 மாதங்கள். மாதம் 369 ரூபாய். அப்டேட் நின்ற மறுநாளே கைபேசி செத்துவிடுவதில்லை என்பதற்கு என் பழைய கைபேசியே சாட்சி என்பதால், இது சற்றுக் கடுமையான கணக்குத்தான். என்றாலும் மலிவானது என்று நான் நினைத்திருந்தது எது என்பதை அது தலைகீழாக்கிவிட்டது.

அடுத்து, அதே இரண்டாவது கைபேசியை அக்டோபர் மாதத் தள்ளுபடிவரை பொறுத்து வாங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அப்போது அதன் விலை 2,000 ரூபாய் குறைந்து 20,500 ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், மீதமிருக்கும் மாதங்கள் 53 ஆகிவிடும். மாதக் கணக்கு 387 ரூபாய். விலை இறங்கிய பிறகும் வாடகை ஏறியிருக்கிறது! ஏறத்தாழ 2,950 ரூபாய்க்கு மேல் குறைந்தால்தான் அந்த எட்டு மாதப் பொறுமைக்குக் கூலி கிடைக்கும். விலைகள் மேல்நோக்கிப் போகும் ஆண்டில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. பழைய மாடல் மலிவாகட்டும் என்று காத்திருப்பவர், அதன் ஆயுளும் கூடவே தேய்வதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் மூன்று ஆண்டுகளாகச் சேர்க்கவில்லை.

இதற்கு என் மகள் ஒரு நல்ல மறுப்புச் சொன்னாள். பழைய மாடலுக்காகக் காத்திருந்தால்தானே இந்தத் தேய்மானம், அடுத்த மாடலுக்காகக் காத்திருந்தால் கடிகாரமே புதிதாகத் தொடங்குமே என்றாள். பிளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே இதைச் சொன்னாள். சரியான கேள்வி. அடுத்த மாடல் 26,000 ரூபாய்க்கு வந்து 72 மாதங்கள் உழைத்தால் மாதம் 361 ரூபாய். நான் பார்த்து வைத்ததைவிட எட்டு ரூபாய் குறைவு. ஆனால் அந்த 26,000 என்பது என் ஊகம். அது எந்த மாதம் வரும் என்பதும் ஊகம். மாதம் எட்டு ரூபாய் மிச்சத்துக்காக, இரண்டு ஆண்டாக ஓட்டை அடைபடாத கைபேசியில் இன்னும் சில மாதங்கள் வங்கிக் கணக்கை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் நல்ல நிலையில் ஒரு கைபேசி இருந்திருந்தால் நிச்சயம் மகள் சொன்னதைத்தான் செய்திருப்பேன்.

பணம் கட்டும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடன் அட்டையில் வட்டியில்லாத் தவணை என்று ஒரு பெரிய கடையில் வற்புறுத்தினார்கள். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நடப்பது என்னவென்றால், வட்டிக்குச் சமமான தொகையை விலையில் கழித்துவிட்டு, வங்கி அதை வட்டியாக வாங்கிக்கொள்கிறது; அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நம் கணக்கில் ஏறும். 18,000 ரூபாயை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் ஆறு தவணையாகக் கட்டினால், உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 760 ரூபாய், அதற்கான வரி 137 ரூபாய். வட்டி விலையில் கழிந்துவிட்டாலும், அந்த வரியோடு செயல்பாட்டுக் கட்டணம் 199 ரூபாயும் அதற்கான வரியும் சேர்ந்தால் 370 ரூபாய்க்கு மேல் போகும். பெரிய தொகை இல்லை. ஆனால் இலவசம் என்ற சொல்லுக்கு அது பொருந்தாது. கையில் பணம் இருந்ததால் மொத்தமாகக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பழைய கைபேசிக்கு எக்ஸ்சேஞ்ச் விலையாக 1,100 ரூபாய் சொன்னார்கள். 2023இல் இதே கைபேசிக்கு 4,000 ரூபாய்க்கு மேல் சொல்லியிருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தபோது, காத்திருப்பின் செலவுப் பக்கத்தில் இன்னொரு வரி எழுத வேண்டியிருந்தது.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எந்தப் பண்டிகையும் எந்தத் தள்ளுபடியும் இல்லாத நாளில், தில்லை நகர்க் கடையிலேயே 22,500 ரூபாய்க் கைபேசியை வாங்கினேன். செவ்வாயில் வாங்குவார்களா என்று அம்மா தொலைபேசியில் கேட்டார்; அவருடைய குரல் புதிய கைபேசியில் தெளிவாகக் கேட்டது. வங்கிச் செயலிகளைப் புதியதுக்கு மாற்றிவிட்டுப் பழையதிலிருந்து எல்லாவற்றையும் அழித்தேன். சிம் இல்லாமல், எப்போதும் மின்னேற்றியில் இணைந்தபடி, அது இப்போது சமையலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி வீங்கும் அறிகுறி தெரிந்த அன்று மின்கழிவு சேகரிப்புக்குப் போய்விடும்.

வாங்கிய ஒன்பதாம் நாள் அதே மாடல் இணையத்தில் 400 ரூபாய் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். வாங்கிய பிறகும் விலை பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்றாள். அட்டைப்பெட்டியைப் பரணில் ஏற்றுவதற்கு முன், அதன் மூடியின் உட்புறத்தில் பேனாவால் "2031 மார்ச்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.